ஏழு பேர்ச் காணியும் ஒரு கேள்வியும்

சில வாரங்களுக்கு முன் அக்காவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். அட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுபவன். "மாமா, எங்களுக்கு வீடு கட்ட ஏழு பேர்ச் காட்டியிருக்கிறாங்க. எடுக்கவா, விடவா?" என்று கேட்டான். காணி எங்கே என்று விசாரித்தேன். பழைய தவறணைக்குக் கீழே, ஓடையை ஒட்டிய சரிவு என்றான். அந்தச் சரிவை நான் அறிவேன். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் விறகு பொறுக்கப் போகக்கூடாது என்று அம்மா எங்களைத் தடுத்துவைத்த இடம். முப்பது ஆண்டுகளாகக் காணிப் பிரச்சினை பற்றிப் பத்திரிகையில் எழுதிவந்த எனக்கு அவனுக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

நகரங்களில் குடியிருப்பு வலயம், கைத்தொழில் வலயம் என்று நிலத்தைப் பிரித்து வரைபடம் தயாரிக்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் தொழிற்சாலை வரப்போகிறதென்றால் ஆட்சேபம் எழுதிக் கொடுக்க அங்கே ஓர் அலுவலகமாவது உண்டு. தோட்டத்தில் கதை வேறு. அங்கே நிலம் முழுவதும் தொழிலுக்கு உரியது; அதற்குத் தேவைப்படாமல் எஞ்சிய இடத்தில்தான் மனிதர் குடியிருப்பு. தப்புச் சத்தம் கேட்கும் தூரத்தில் லயங்களைக் கட்டினார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதில் மூன்று தலைமுறை.

1979 ஆம் ஆண்டு அப்பா எங்கள் காம்பராவின் பின்புறம் ஒரு குசினி இறக்கினார். அதற்காக மூன்று தேயிலைச் செடிகளைப் பிடுங்கினார். மறுவாரமே தோட்ட நிர்வாகம் ஆட்களை அனுப்பித் தகரத்தைப் பிரித்துப் போட்டது. பிரித்தவர்களும் எங்கள் லயத்துக்காரர்களே. அப்பா அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார். அதன் பிறகு அவர் வீட்டைப் பற்றி எதுவும் பேசியதில்லை.

அப்போது தோட்டங்கள் அரசுடைமை. 1992 இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. நிலம் இன்றும் அரசினுடையதுதான். குத்தகைகளில் பெரும்பாலானவை 2045 வரை நீள்கின்றன. ஆகவே ஒரு வீடு கட்டுவதற்கும் அரசு, கம்பனி என்று இரண்டு வாசல்களில் நிற்க வேண்டும். பிரதேச சபையோ நெடுங்காலம் தோட்டத்து எல்லையில் நின்றுவிட்டது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்கு அதன் சேவை செல்வதற்குத் தடையாக இருந்தது. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. வாக்குப் போட மட்டும் எங்களுக்கு அந்தத் தடை இருந்ததில்லை.

கம்பனிகளின் வாதத்தையும் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற துரை ஒருவர் என்னிடம் சொன்னார்: "நல்ல மலையின் நடுவே வீடுகளை வைத்தால் கொழுந்து பறிக்கும் சுற்றுக் குழம்பும், விளைச்சல் குறையும், குறைந்தால் உங்கள் ஆட்களுக்குத்தான் வேலை இல்லை." இதில் உண்மை உண்டு. ஆனால் வீடில்லாத காரணத்தால் இளைஞர்கள் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் போய்விடுகிறார்கள்; பறிக்க ஆளில்லாத மலைகள் காடாகின்றன. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமல்லவா?

மலையில் இடமே இல்லை என்பார்கள். மின்சாரத்துக்கு மட்டும் இடம் எப்போதும் கிடைத்தது. 1969 இல் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீரில் மூழ்கியது. வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் தலைகாட்டுவதைப் பார்க்க இப்போதும் ஆட்கள் போகிறார்கள். தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டத்துக்காக ஏறக்குறைய 500 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 2012 இல் 150 மெகாவாட் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்தக் குடும்பங்களைக் குடியமர்த்தக் காணி கண்டுபிடிக்கப்பட்டது. அரசுக்கு அவசரம் என்றால் தோட்டத்திலும் இடம் உண்டு என்பதை அன்று அந்த ஊரில் நின்று நானே கண்டேன்.

இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள், 2017 இல் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகளுக்கான அறிவிப்பு. தலா 550 சதுர அடி. நல்ல வீடுகள், குறை சொல்லமாட்டேன். கேள்வி வீட்டைப் பற்றியதன்று, அது நிற்கும் மண்ணைப் பற்றியது. தேயிலைக்கு ஆகாத சரிவை வீட்டுக்கு ஒதுக்குவது எளிது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது, மாற்றிடம்தான் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து நாடு முழுவதும் 600 க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, மலையகத்தில் மண்சரிவே முதற் கொலையாளி.

இரண்டு நாள் கழித்து மருமகனை அழைத்தேன். மறுக்கவும் வேண்டாம், இப்போதே கையெழுத்திடவும் வேண்டாம் என்றேன். அந்தச் சரிவு பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையை எழுத்தில் கேள்; காணி உறுதி யார் பெயரில், எப்போது கிடைக்கும் என்று கேள்; தொழிற்சாலைக்கு மேலே கைவிடப்பட்ட சமதரை கிடக்கிறதே, அதைத் தாருங்கள் என்று எல்லாரும் சேர்ந்து மனுக் கொடுங்கள் என்றேன்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. "கேட்டால் பட்டியலில் இருந்து பேரை வெட்டிடுவாங்களோ, மாமா?" என்றான்.

அந்தப் பயம் எனக்குப் பழக்கமானது. அப்பா தேநீர் கொடுத்ததும் அதனால்தான். மனுவை நானே எழுதித் தருகிறேன் என்றேன். நேற்று வரை பதினோரு குடும்பங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. பட்டியலில் இருப்பவை இருபத்திரண்டு. மற்றவர்களிடம் பேச அடுத்த ஞாயிறு அட்டனுக்குப் புறப்படுகிறேன்.