அனுப்பி வைத்தவர்கள்

தீர்த்தமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்திருக்கும் நாள்கள் ஆண்டில் சிலவே. பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பிள்ளைகள் வந்திறங்குவர். நான்காம் நாள் அரூர்ப் பேருந்து நிலையம் நிரம்பி வழியும். அதன்பின் திண்ணைகளில் எஞ்சுவோர் என்னைப் போல் அறுபதைக் கடந்தவர்களே.

இதனைப் பிள்ளைகளின் நன்றியின்மை என்று பேசுவது எளிது. மேடைகளிலும் அவ்வாறே பேசுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் சாமையும் கேழ்வரகும் வீடு வந்து சேரமாட்டா. ஏர்பிடிக்கும் வாழ்வு எங்களோடு போகட்டும் என்று உறுதி பூண்டவர்கள் நாங்கள்தாமே? கறவை மாட்டை விற்றுக் கல்லூரிக் கட்டணம் கட்டினோம். "இந்த மண்ணில் என்ன இருக்கிறது?" என்று நாள்தோறும் அவர்கள் காதில் ஓதினோம். அது தவறென்று நான் இன்றும் எண்ணவில்லை. சொல் கேட்டு நடந்த பிள்ளைகளை எவ்வாறு பழிப்பது?

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கென 2007-ஆம் ஆண்டு மத்திய அரசு ஒரு சட்டம் இயற்றியது. கைவிடப்பட்ட பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்து, மாதம் 10,000 ரூபாய்க்கு மிகாமல் பராமரிப்புத் தொகை பெறலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெறவும் வழியுண்டு. தேவையான சட்டமே. சோற்றுக்கு வழியின்றியும், மானத்துக்கு அஞ்சி வாய் திறவாத முதியோர் பலர் உளர்.

ஆயினும் எங்கள் அண்டை வீட்டு அக்காளுக்கு அச்சட்டத்தால் ஆவது ஒன்றுமில்லை. மகன் மாதந்தவறாமல் பணம் அனுப்புகிறான். ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைக்கிறான். "சாப்பிட்டாயா அம்மா?" என்பான். "ஆயிற்றப்பா" என்பாள். ஒருத்திக்காக உலை வைப்பானேன் என்று, காலையில் கரைத்த கூழையே இரவிலும் குடித்திருப்பாள். மகன் கவலையின்றி வேலை பார்க்கட்டும் என்றே அந்தப் பொய். அவனும் தன் அல்லல்களை மறைத்தே பேசுகிறான் என்பது அவளுக்குத் தெரியும். கேட்டால் சிரிப்பாள்.

சென்ற பங்குனியில் மரத்துப் புளியை உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை நீக்கி, மூட்டையாகக் கட்டிப் பெங்களூர் செல்லும் உறவினர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பினாள்.

"பெங்களூரில் புளி கிடைக்காதா அக்கா?" என்றேன்.

"கிடைக்காமல் என்ன தம்பி? எனக்கு இதில் எட்டு நாள் போயிற்றே!" என்றாள்.