நுழையக் கூடாத கேஜ்

துப்பாக்கிக்குப் புதுக் குழல் மாட்டுவது என்றால், பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைத் திருகுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தண்ணீர்க் குழாய்க்கு அது சரி. கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளிச் சுடும் ரைஃபிளில், திருகி முடித்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. இதை எனக்குச் சொன்னவர் என் பெரிய மாமா. மலேசிய ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இன்னும் சாயங்காலத் தேநீரை அவரே கலக்கிக்கொள்கிறார்.

உலு திராமில் ராணுவம் என்பது அந்நியமான சொல் அல்ல. ராணுவத்தின் 'புலாடா' பயிற்சி மையம் இங்கேதான் இருக்கிறது. அதற்கும் முன்பு, 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், பிரிட்டிஷார் ஜோகூரில் வைத்துத்தான் தங்கள் படைகளுக்குக் காட்டுப்போர் பழக்கினார்கள். அந்தக் காலத்துத் துப்பாக்கி .303 லீ என்ஃபீல்டு. அதன் குட்டை வடிவத்துக்கு 'ஜங்கிள் கார்பைன்' என்று பெயர். காட்டுக்குள் தூக்கி நடக்க வசதியாக ஆங்காங்கே இரும்பைக் குறைத்து எடையிறக்கியது. சுட்டால் தோளில் குதிரை உதைத்தது போல இருக்கும் என்பார் மாமா. அவர் படையில் சேர்ந்தபோது எஸ்.எல்.ஆர். வந்துவிட்டது. ஆனால் கிடங்கில் .303 மிச்சமிருந்தது, அவருக்குக் கை பழகியது அதில்தான்.

குழல் ஏன் தேய்கிறது? குண்டு உரசுவதால் மட்டுமல்ல. தோட்டா வெடிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், சூடும் அழுத்தமும் சேர்ந்து உள்வரிகளை அரித்துவிடும். போதாக்குறைக்கு, பழைய .303 தோட்டாவில் வெடியைப் பற்றவைக்கும் மருந்து உப்பை விட்டுச்செல்லும். நம் ஊர் ஈரத்துக்கு அது போதும், துரு பிடித்துவிடும். அதனால் சுட்டு முடித்ததும் குழலுக்குள் கொதிநீர் ஊற்றிக் கழுவி, பிறகு எண்ணெய் போடுவார்களாம். 'எண்ணெய் மட்டும் போட்டா உப்பு உள்ளேயே உக்காந்துக்கும்' என்பார். ரசம் வைத்த பாத்திரத்தைக் கழுவாமல் மூடி வைப்பதற்குச் சமம்.

இனி வேலைக்கு வருவோம். நான் பாசிர் கூடாங்கில் லேத் ஓட்டுகிறவன். ஹைட்ராலிக் உருளைகளுக்கு உறுப்புகள் கடைவது என் பிழைப்பு. அதனால் மாமா பேசுவதில் பாதி எனக்கு வீட்டுப் பேச்சு மாதிரி. ராணுவத்துக்கு வரும் குழலில் தோட்டா உட்காரும் அறை முன்பே குடையப்பட்டிருக்கும். போட்டிகளுக்கான ரைஃபிள் என்றால், உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியர் அந்த அறையைத் தானே குடைவார். குழலின் வெளிப்பக்கத்தை நம்பி லேத்தில் பிடிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் ஓட்டை கொஞ்சம் ஒதுங்கியிருக்கலாம். அந்த ஓட்டைதான் மையத்தில் சுற்ற வேண்டும்; டயல் கேஜின் முள் அசையாமல் நிற்கும்வரை பொறுமை வேண்டும். பிறகு மரை வெட்டி, மெதுவான ஓட்டத்தில், எண்ணெய் விட்டு, ரீமரைக் கொஞ்சம் செலுத்திக் கொஞ்சம் இழுத்து, பிசிறைத் துடைத்துவிட்டு மறுபடி செலுத்த வேண்டும். அவசரப்பட்டால் பிசிறு சுவரில் கோடு இழுத்துவிடும். கோடு விழுந்த அறையில், சுட்ட பிறகு வெற்றுறை ஒட்டிக்கொள்ளும்.

எதற்கு இத்தனை பாடு? ஓர் அளவுக்காக. போல்ட் மூடியதும் அதன் முகத்துக்கும், தோட்டாவை அதற்கு மேல் முன்னே போகவிடாமல் தடுக்கும் இடத்துக்கும் உள்ள தூரம் அது. ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். .303 தோட்டாவைத் தடுப்பது அதன் அடிவிளிம்பு. பின்னால் வந்தவற்றில் உறையின் தோள்பட்டை. .308 தோட்டாவுக்கு 1.630 அங்குல கேஜ் உள்ளே போய் போல்ட் மூட வேண்டும். 1.634 அங்குல கேஜை வைத்தால் மூடவே கூடாது. நடுவில் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. போல்ட்டிலிருந்து ஊசியையும் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு, விரல் நுனியால் மூடிப் பார்ப்பார்கள். பலம் போட்டால் கேஜ் பொய் சொல்லும்.

லீ என்ஃபீல்டில் ஒரு வசதி உண்டு. போல்ட்டின் தலை மட்டும் தனியே கழலும். 0, 1, 2, 3 என்று நான்கு அளவு. இடைவெளி கூடியிருந்தால் அடுத்த எண்ணை மாட்டிப் பார்க்கலாம். பிரிட்டிஷ்காரன் மூளை என்று மாமா இன்றும் மெச்சுவார். எனக்கென்னவோ, தேய்மானத்தை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு செய்த பொருளாகவே அது படுகிறது.

இடைவெளி கூடினால் என்ன ஆகும்? உறை பின்னால் இழுபட்டுக் கிழியும். உள்ளிருக்கும் வாயு போல்ட் பக்கம் திரும்பும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு. .308 அறைக்குள் 60,000 வரை ஏறும். சுடுகிறவனின் கன்னம் அதற்கு ஒரு சாண் பின்னால் இருக்கிறது.

சென்ற ஆண்டு கோப்பிக் கடையில் ஒருவர் என்னைத் தேடி வந்தார். செம்பனைத் துண்டில் காட்டுப்பன்றித் தொல்லையாம். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, 'தம்பி, இந்த மாதிரி ஒண்ணு கடைஞ்சு தர முடியுமா? மூவாயிரம் ரிங்கிட் தர்றேன்' என்றார். மகளின் பல்கலைக்கழகக் கட்டணம் கண்முன் வந்து போனது. மறைப்பானேன், கைக்கும் ஆசைதான். இருபது வருடமாகக் காதால் கேட்ட வேலை. ஆனால் உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே, 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. அதோடு, 2024 மே 17 அதிகாலையில் எங்கள் ஊர்ப் போலீஸ் நிலையம் தாக்கப்பட்டு இரண்டு போலீஸ்காரர்கள் உயிரிழந்தார்கள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு பேச்சா? முடியாது என்று சொல்லிக் கோப்பிக்கு நானே காசு கொடுத்துவிட்டு எழுந்தேன்.

மாமாவிடம் சொன்னேன். சட்டத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"அவன்கிட்ட கேஜ் இருக்கா?"

"தெரியல மாமா."

"இல்லாட்டி எத வெச்சு அளப்பே? அவன் மூஞ்சிய வெச்சா?"

பிறகு அவராகவே ஒரு கதையைச் சொன்னார். ஒரு ரைஃபிளுக்குப் புதுக் குழல் மாட்டினார்களாம். 0 போட்டார், 1 போட்டார், கடைசியில் 3 போட்டார். அப்போதும் நுழையக் கூடாத கேஜ் நுழைந்தது, போல்ட் மூடிக்கொண்டது. குழலில் குறை இல்லை. போல்ட்டைத் தாங்கும் உடல் தேய்ந்து போயிருந்தது. கூட இருந்தவர்களுக்கு மனசில்லை, புதுக் குழலாயிற்றே. மாமா சிவப்புச் சீட்டைக் கட்டித் தனியே வைத்துவிட்டார்.

"அப்புறம் அது என்ன ஆச்சு?"

"அறுத்துப் போட்டாங்க. நான்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். அதன் வரிசை எண் இன்னும் அவருக்கு நினைவிருக்கிறது.