புல்லட் வைத்தியம்

புல்லட் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் குடும்பங்களில் ஒரு கேள்வி தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டு வருகிறது. "இதை எப்போது விற்கப் போகிறீர்கள்?" என்பதே அது. கேட்பவர் பெரும்பாலும் வீட்டு எஜமானி. பதில் சொல்ல வேண்டியவர் அந்தச் சமயத்தில் வாசலில் குந்திக்கொண்டு, கையெல்லாம் கரியும் எண்ணெயுமாக, கீழே விழுந்த திருகாணி ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார். திருகாணியும் அகப்படாது, பதிலும் அகப்படாது. நமது வீட்டில் பதினெட்டு வருஷமாக நிலைமை இதுதான். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பிக்கிறவராயிற்றே என்று இரக்கம் காட்டுவதும் கிடையாது. "அந்தப் பௌதிகம் வண்டியைக் கிளப்ப உதவாதா?" என்று உபகேள்விதான் வரும்.

நமது வண்டி 1986-ஆம் வருஷத்தியது. நம்மைவிட ஆறேழு வயதுதான் இளையது. வில்லியனூரிலிருந்து பாகூர் வரையில் உள்ள கிராமங்களில் இம்மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் பதினோரு பேர் சேர்ந்திருக்கிறோம். எங்கள் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது, சந்தா கிடையாது, தலைவர், காரியதரிசி கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கேனும் நீண்ட பிரயாணம் போவோம். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பிரயாணத்தினால் விளைந்ததைச் சரி செய்வோம்.

இந்த யந்திரத்தின் பூர்வோத்தரத்தைச் சிறிது சொல்ல வேண்டும். பிறந்த வீடு இங்கிலாந்திலுள்ள ரெட்டிச் என்னும் ஊர். 1949-ஆம் வருஷம் முதல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. எல்லைக் காவலுக்கு உகந்த வண்டி எது என்று தேடிய இந்திய சர்க்கார், இதையே தேர்ந்தெடுத்து 800 வண்டிகளுக்கு உத்தரவு கொடுத்தார்கள். 1955-இல் மதராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' ஏற்பட்டது; திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் எங்கள் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்டிருந்தது. வில்லியனூருக்கு அப்பாலுள்ள கீழூரில் 1954 அக்டோபர் 18-ந் தேதி 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்ததும், அவர்களில் 170 பேர் இந்தியாவுடன் இணைய விரும்பியதும் நேயர்களுக்கு நினைவிருக்கும். ஆகவே எங்கள் விடுதலையும் இந்தப் புல்லட்டும் ஏறக்குறைய ஒரு வயதுப் பிள்ளைகள். தாய் நிறுவனம் 1970-இல் இங்கிலாந்தில் கதவைச் சாத்திவிட்டது. ஆனால் 1977-இல் திருவொற்றியூரிலிருந்து அதே வண்டி கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போயிற்று! பெண்ணைக் கொடுத்த வீட்டுக்குப் பேரன் சீர் கொண்டு போன கதை என்று இதைச் சொல்லலாம்.

பிற்பாடு 2008, 2009 வருஷங்களில் புது மாதிரி என்ஜின் வந்துவிட்டது. வார்ப்பிரும்பு சிலிண்டரும், தனியாகத் தொங்கும் கியர்ப் பெட்டியும் கொண்ட பழைய என்ஜின் அதோடு விடைபெற்றுக் கொண்டது. இனிமேல் இந்த ஜாதியில் புதிதாகப் பிறப்பு இல்லை; இருப்பவற்றைக் காப்பாற்றினால்தான் உண்டு.

காப்பாற்றும் விதத்தை எங்களுக்குப் போதித்தவர் வில்லியனூரில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் ஒரு மேஸ்திரி. வயது எழுபத்தொன்று. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஆனால் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, "இன்லெட் டேப்பெட் இறுகிப் போச்சு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிவிடுவார். நீண்ட திருப்புளி ஒன்றின் முனையை என்ஜினில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு அவர் கண்ணை மூடும்போது, நாங்கள் பதினோரு பேரும் மூச்சுவிடாமல் நிற்போம். டாக்டர் குழல் வைத்துப் பார்க்கும்போது நோயாளியின் பந்துக்கள் நிற்பதுபோல.

"வாத்தியாரே, அது சொல்றத நீங்க கேக்கணும். நீங்க சொல்றத அது கேக்காது" என்பது அவர் எங்களுக்குச் செய்த முதல் உபதேசம்.

அது என்ன சொல்லும்? இந்த என்ஜினில் சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர். நெடுந்தூரம் ஏறி இறங்க வேண்டியிருப்பதால் இதன் ஓட்டம் நிதானமானது. உலக்கை போடுவதுபோல் ஒவ்வொரு இடியும் தனித்தனியாகக் காதில் விழும். ஒன்று பிசகினாலும் தெரிந்துவிடும். புதிய வண்டிகளில் கோளாறைக் கண்டுபிடிக்கக் கணினியைச் செருகுகிறார்கள். இதில் காதைச் செருகினால் போதும்.

கிளப்புவதே ஒரு கலை. சாவியைத் திருப்பியதும் அம்மீட்டர் முள் ஒரு பக்கம் சாயும். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் முள் நடுவுக்குத் திரும்பும். பாயிண்ட் திறந்துகொண்டது, பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்போது டிகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் ஓர் அங்குலம் தள்ளி, விட்டு, பிறகு ஓர் உதை. முறைப்படி செய்தால் பத்து வயதுப் பையன்கூட இரண்டாவது உதையில் கிளப்பிவிடுவான். முறை தெரியாத பயில்வான் அரை மணி நேரம் உதைத்துவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டு போக வேண்டியதுதான். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்பது வேறு. இக்கால வண்டிகளில் பழகிய மைத்துனர்களுக்கு இதை இரவல் கொடுப்பதற்கு முன்னால் நன்றாக யோசிப்பது நல்லது.

டேப்பெட் பார்ப்பதற்கு என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். பிஸ்டன் உச்சியில் நிற்க வேண்டும். வலப்பக்கத்துச் சின்ன மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு தள்ளுகோல்கள் நிற்கும். இரண்டு விரல்களால் திருகினால் அவை சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. இவ்வளவுதான் சாஸ்திரம். பாயிண்ட் இடைவெளி 0.35-இலிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வழியில் அளவுத் தகடு இல்லாவிட்டால் ஒரு விசிட்டிங் கார்டு போதும். எண்ணெய் விஷயத்தில்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள். வண்டி பல நாள் சும்மா நின்றால், தொட்டியிலுள்ள எண்ணெய் கசிந்து அடி அறைக்குள் இறங்கிவிடும். அளவுகோலை எடுத்துப் பார்த்தால் வெறுமையாயிருக்கும். அடடா என்று ஒரு லிட்டர் ஊற்றினால் தீர்ந்தது. வண்டி கிளம்பியதும் புகையும் எண்ணெயும் நாலா பக்கமும் பீறிட்டு அடிக்கும். சிறிது நேரம் ஓடவிட்டு, பிறகு அளந்து பார்க்க வேண்டும். எண்ணெய் உண்மையில் குறைந்து போனாலோ, விளையாட்டு இல்லை. பழைய புல்லட்டின் தண்டில் பிஸ்டன் கம்பி பற்றும் இடத்தில் மிதக்கும் புஷ் ஒன்றுதான் உண்டு. எண்ணெய் வறண்டால் அது சிக்கிக்கொள்ளும். என்ஜினை முழுவதும் பிரிக்க வேண்டிவரும்.

பிரித்தால் சாமான் வேண்டும். சாமானுக்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போவோம். அங்கே இல்லாதது புதுப்பேட்டைப் பழஞ்சாமான் கடைகளில் கிடைக்கும். புதிதாக வாங்கும் பல் சக்கரத்தைவிடப் புதுப்பேட்டையில் தூசி படிந்து கிடக்கும் பழைய சக்கரமே மேல் என்பது எங்கள் கூட்டத்தின் ஏகோபித்த அபிப்பிராயம். மின்னுகிற பெட்டியில் வரும் போலிச் சாமான் மூன்று மாதத்தில் பல்லிளித்துவிடுகிறது. சிலிண்டர் தேய்ந்தால் கடைசல் பட்டறையில் குடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டன் போடுவோம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. சில தடவைகளுக்குமேல் குடைந்தால் சுவர் தாங்காது.

இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் அது பழைய வண்டிதானா என்று எங்கள் கூட்டத்துப் பாலிடெக்னிக் மாணவர் ஒரு நாள் கேட்டார். மேஸ்திரி திருக்காமேசுவரர் கோயில் பக்கம் கையைக் காட்டினார். "தேருக்குச் சக்கரம் மாத்தறாங்க, அச்சு மாத்தறாங்க. வைகாசியில ஓடறது எந்தத் தேரு?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மாணவர் அப்புறம் வாய் திறக்கவில்லை.

சட்டத்துக்கு மட்டும் இந்தத் தத்துவம் திருப்தி அளிப்பதில்லை. 15 வருஷம் கழிந்தால் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022-இல் ஆயிரம் ரூபாயாயிற்று. 20 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2025-இல் இரண்டாயிரமாயிற்று. 50 வயது பூர்த்தியானால் 2021-ஆம் வருஷத்து விதிப்படி 'புராதன வண்டி' என்ற பட்டம் பெறலாம். பட்டம் பெற்றால் பொருட்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் போகலாம். தினசரி பள்ளிக்கூடத்துக்குப் போகக்கூடாது. ஓடுவதற்கென்று பிறந்ததைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கௌரவிப்பது நமக்கு ரசமாகத் தோன்றவில்லை.

பெட்ரோல் விவகாரம் இன்னும் சிக்கலானது. 2025-இல் நாடெங்கும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கும் நிலை வந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுடையது. பழைய ரப்பர்க் குழாய்களையும் அது சும்மா விடுவதில்லை. ஒரு மாதம் நிறுத்தி வைத்த வண்டியின் கார்புரேட்டர்க் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் நீர் முத்துப்போல் உருண்டுகொண்டிருக்கிறது. எங்கள் பாகூர் நண்பர் கரும்பு போடுகிறவர். எத்தனாலுக்குக் கிராக்கி ஏறினால் ஒரு கண்ணில் ஆனந்த பாஷ்பம், மறு கண்ணில் துக்கக் கண்ணீர். வெகுநாள் நிறுத்துவதானால் தொட்டியைக் காலி செய்துவிடுவதும், குழாய்களை எத்தனால் தாங்கும் ரப்பரில் போட்டுக்கொள்வதுமாகச் சமாளிக்கிறோம்.

இவ்வளவு தொல்லைக்கும் ஈடு என்ன என்று கேட்பவர்கள் ஒரு முறை எங்களோடு செஞ்சிக்கு வரவேண்டும். விடியுமுன் புறப்பட்டு, திண்டிவனம் வழியாக, ஒன்றன் பின் ஒன்றாகப் பதினோரு வண்டிகள். சென்ற மார்கழியில் திண்டிவனத்துக்கு இப்பால் ஓய்வு பெற்ற பாங்கி அதிகாரி ஒருவரின் கிளட்ச் கம்பி அறுந்தது. யாராவது நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும் என்பது எங்களிடமுள்ள ஒரே சட்டம். ஒருவர் பையில் கம்பி, ஒருவர் பையில் குறடு, ஒருவர் பிளாஸ்கில் காப்பி. இருபது நிமிஷத்தில் வண்டி தயார். அந்த அதிகாரிக்குப் பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். மனைவி காலமாகி நான்கு வருஷமாகிறது. கம்பி மாட்டிய பிறகும் அவர் உடனே கிளம்பவில்லை. ஒவ்வொருவராக எல்லோரிடமும் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

எங்களுக்கு இப்போதுள்ள கவலை வேறு. மேஸ்திரியின் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. விரல்களிலும் நடுக்கம் கண்டிருக்கிறது. பிள்ளை தொழிற்சாலையில் மாதச் சம்பளத்துக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல நியாயமில்லை. புதிய மெக்கானிக்குகள் கெட்டிக்காரர்கள்தாம்; ஆனால் அவர்களுக்குக் கழற்றி எறிந்து புதிது மாட்டத்தான் கற்பித்திருக்கிறார்கள். ஆகவே, ஒரு வருஷமாக நாம் நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாகக் கொட்டகையில் உட்கார்ந்து, அவர் சொல்வதையெல்லாம் படத்தோடு எழுதி வருகிறோம். இதுவரை 140 பக்கம் ஆகியிருக்கிறது. பள்ளிக்கூட நோட்டுக்களைவிட எழுத்து திருத்தமாயிருப்பதாக வீட்டில் அபிப்பிராயப்படுகிறார்கள். இக்னிஷன் டைமிங்கைக் காதாலேயே சரி பார்க்கும் விதத்தைக் கேட்டபோதுதான் மேஸ்திரி தலையை அசைத்தார்.

"அது எழுதற சமாசாரம் இல்ல, வாத்தியாரே. கையி செய்யணும், காது கேக்கணும்."

பல்லவ அரசன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூரில் ஒரு வித்தியாஸ்தானம் இருந்ததாகவும், அதற்கு மூன்று கிராமங்கள் மானியமாக விடப்பட்டதாகவும் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. எங்களுக்கு மானியம் தருவார் யாருமில்லை. ஆயினும் அதே பாகூரில், ஏரிக்கரையை அடுத்த கரும்பு நண்பரின் களத்து மேட்டில், வருகிற ஞாயிறு அவருடைய வண்டியின் என்ஜினைப் பிரிக்கப் போகிறோம். மேஸ்திரியைப் பின்னால் உட்காரவைத்து அழைத்து வருவது நம் பொறுப்பு. அவருக்கு நாற்காலி போடப்படும். சாமானில் கை வைக்க அவருக்கு அனுமதி கிடையாது. பிரிப்பதும் பூட்டுவதும் நாங்கள். அவர் கேட்பார், தப்பென்றால் சொல்வார். மேற்படி நிபந்தனைக்கு அவர் சம்மதித்துவிட்டார். நல்ல வெளிச்சமுள்ள இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட வேண்டும், வெற்றிலைச் செல்லத்தை மறக்கக்கூடாது என்று மட்டும் சொல்லியனுப்பியிருக்கிறார்.