பார்வையாளர் இல்லாத பாலம்

மலேசியாவின் பினாங்குப் பாலத்தில் நடந்து போக யாருக்கும் அனுமதி கிடையாது. நடைபாதையே வைக்காமல் கட்டிய பாலம் அது. கார், லாரி, மோட்டார் சைக்கிள், அவ்வளவுதான். ஆண்டில் ஓர் இரவு மட்டும் வண்டிகளை நிறுத்திவிட்டு ஆயிரக்கணக்கான மனிதர்களை அதன்மேல் ஓட விடுகிறார்கள். பினாங்குப் பாலம் பன்னாட்டு மாரத்தான் என்று பெயர். நவம்பர், டிசம்பர் வாக்கில் வரும். முழு மாரத்தான்காரர்கள் இரவு ஒன்றரை மணிக்குக் கிளம்புவது பல ஆண்டு வழக்கம். அரை மாரத்தான்காரர்களுக்கு மூன்று மணி வாக்கில். நான் இரண்டாம் ரகம். 21 கிலோமீட்டருக்கு மேல் ஓட எனக்கு முழங்காலும் இல்லை, ஆசையும் இல்லை.

ஏன் இந்த அகால நேரம் என்று பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு பகல் அலைந்தவர்கள் கேட்கமாட்டார்கள். பூமத்திய ரேகைக்கு ஐந்தாறு பாகைதான் வடக்கே. காலை எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். தவிர, பினாங்குத் தீவையும் பெருநிலத்தையும் சேர்க்கிற சாலையை விடிந்த பிறகு வெகுநேரம் மூடிவைக்கவும் முடியாது.

பாலம் திறந்தது 1985-இல். மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. அதே 1985 பிப்ரவரியில்தான் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த 'சிதம்பரம்' கப்பலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அந்தக் கப்பல் பயணம் அத்தோடு முடிந்தது. அதற்கு முன்னால் நாகப்பட்டினம் தொட்டுப் பினாங்கு போன 'ரஜுலா' என்ற கப்பல் இருந்தது. தஞ்சை, நாகைப் பக்கத்துப் பழைய வீடுகளில் அந்தப் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் யாராவது ஒரு கதை வைத்திருப்பார்கள். நமக்கு இந்தக் கடல் அடைபட்ட வருஷத்திலேயே பினாங்குக்காரர்களுக்குக் கடல்மேல் சாலை திறந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இப்படி முடிச்சுப் போட்டுப் பார்ப்பது என் பழக்கம்.

ஓட்டம் தொடங்குவது தீவின் தென்கிழக்குக் கரையில், குவீன்ஸ்பே மால் என்ற வணிக வளாகத்தின் முன்னால். எதிரே கடலில் கறுப்பாகத் தெரிவது ஜெரெஜாக் தீவு. 1868-இல் அங்கே தொழுநோயாளிகளுக்கு ஓர் இல்லம் வைத்தார்கள். பிறகு கப்பலில் வருகிறவர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைக்கும் முகாம் வந்தது. 1969 முதல் 1993 வரை சிறைச்சாலை. கூலிகளாக வந்த நம்மவர்களில் பலர் தோட்டத்தைப் பார்ப்பதற்கு முன் பார்த்தது அந்தத் தீவைத்தான். தோட்டத்துக்குப் போன பிறகும் ஓட்டம்தான். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஓட வேண்டும், பிந்தினால் அன்றைய கூலி போச்சு. அவர்கள் வயிற்றுக்காகக் கடல் கடந்தார்கள். நானோ காசு கட்டி, நெஞ்சில் எண் குத்திக்கொண்டு, அதே கடலைக் காலால் கடந்து திரும்ப நடுராத்திரியில் வரிசையில் நிற்கிறேன். நினைத்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெச்சூர் ஓட்டம் என்பதே அதுதான்: தேவை இல்லாதவன் ஓடுவது.

தேவை இல்லை என்றால் எதற்கு? இந்தக் கேள்வியை முந்தின நாள் சாயங்காலம் லிட்டில் இந்தியாவில், லெபு பசார் பக்கம் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் கேட்டார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"ஜெயிச்சா எவ்வளவு வெள்ளி கொடுப்பாங்க தம்பி?"

"முன்னால வர்றவங்களுக்குக் கொடுப்பாங்கய்யா. எனக்கு ஒரு பனியன், ஒரு பதக்கம்."

"முடிக்கிற எல்லாருக்கும் பதக்கமா?"

"எல்லாருக்கும்."

"அப்ப அது பதக்கம் இல்ல தம்பி. ரசீது."

சிரித்துவிட்டேன். அவரும் சும்மா இருக்கிறவர் இல்லை. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் லெபு பினாங்கில் உள்ள செட்டியார்களின் கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குப் போகும்போது கூடவே வெறுங்காலோடு நடக்கிறவர். 1894-இல் காரைக்குடிப் பக்கமிருந்து கப்பலில் வந்த ரதம் அது. 2017 முதல் தங்க ரதம் ஒன்றும் புறப்படுகிறது. வழியெங்கும் மலைமலையாய்த் தேங்காய் குவித்து உடைப்பார்கள், சீனர்களும் உடைப்பார்கள். ரதம் நின்று நின்று போய்ச் சேர நாள் முழுக்க ஆகும். "அது நிக்கிற இடத்துல நானும் நிப்பேன். எனக்கென்ன அவசரம்?" என்றார். அவர் நடப்பதற்கு முருகன் காரணம். நான் ஓட ஆரம்பித்ததற்குச் சர்க்கரை அளவு சொன்ன ஒரு டாக்டர் காரணம். அதை அவரிடம் சொல்லவில்லை. முருகனுக்குப் பக்கத்தில் டாக்டரை நிறுத்தினால் நன்றாக இருக்காது.

ஆனால் டாக்டர் சொன்னதெல்லாம் முதல் சில மாதங்களுக்குத்தான் தாங்கும். பயம் ஒரு மனிதனைப் படுக்கையிலிருந்து எழுப்பும், வருஷக்கணக்கில் எழுப்பாது. பயம் போன இடத்தில் எனக்கு வந்து உட்கார்ந்தது கர்வம். ஞாயிறு காலை பெசன்ட் நகர் கடற்கரையில் ஓடுகிறவர்களைப் பார்த்தால் புரியும். ஓடி முடித்ததும் முதலில் குனிந்து கடிகாரத்தைப் பார்ப்பார்கள், தண்ணீர் அப்புறம்தான். கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்பது வாட்ஸாப் குழுவில் ஏறி, கட்டைவிரல்கள் வந்து விழுந்த பிறகே வியர்வையைத் துடைப்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். இதில் தப்பு ஒன்றும் இல்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். கர்வத்துக்காக மனிதர்கள் செய்கிற காரியங்களில் ஓடுவது மிகவும் சாது.

பாலத்தில் ஏறிய பிறகு அந்தக் கர்வத்துக்கு வேலை இல்லாமல் போகிறது. நகரத்து மாரத்தான்களில் தெருவோரம் யாராவது கை தட்டுவார்கள், குழந்தைகள் கை நீட்டும், பால்காரர் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்ப்பார். கடல்மேல் யார் நிற்பார்கள்? தீவின் விளக்குகள் பின்னால் போய்விடுகின்றன. இடப்பக்கம் தூரத்தில் ஜார்ஜ் டவுனின் கொம்தார் கோபுரம் தெரிகிறது. முன்னால் பெருநிலத்தின் தொழிற்சாலை விளக்குகள். நடுவே சாலை விளக்கின் மஞ்சளில் ஓடுகிறவர்களின் முதுகுகள் மட்டும். பரிசு வாங்கப்போகிற கென்யர்கள் எப்போதோ போய்விட்டார்கள். என் வேகத்தில் இருப்பவர்கள் வேறு: முக்காடிட்ட மலாய்ப் பெண்கள், முன்னால் போகிறவரை மூச்சுக்கு மூச்சு கேலி செய்கிற சீன நண்பர்கள், காதில் பாட்டோடு ஒரு தமிழ்ப் பையன். தண்ணீர் கொடுக்கும் மேசைகளில் இளம் தொண்டர்கள் 100பிளஸ் பானம் ஊற்றி நீட்டுகிறார்கள். அதைத் தாண்டினால் மறுபடி காலடிச் சத்தம்தான்.

பாலத்தின் நடுப்பகுதி கம்பி வடங்களில் தொங்குகிறது. கப்பல்கள் கீழே போவதற்காக அங்கே மேடாக்கி வைத்திருக்கிறார்கள். காரில் போனால் அந்த ஏற்றம் தெரியவே தெரியாது. காலுக்கு நன்றாகத் தெரியும். காற்றில் உப்பு, ஈரம், எங்கிருந்தோ டீசல். அந்த ஏற்றத்தில்தான் கேள்வி நேராக வந்து நிற்கிறது. பார்க்க ஆள் இல்லை, நின்றால் கேட்க ஆள் இல்லை, ஓடியே ஆக வேண்டிய கட்டாயமும் இல்லை. பயம் செலவழிந்துவிட்டது, கர்வத்துக்குச் சபை இல்லை. அப்படியும் கால் போய்க்கொண்டிருந்தால், எது மிச்சமோ அதுதான் ஒருவர் ஓடுவதற்கான உண்மையான காரணம். என்னிடம் மிச்சம் இருந்தது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆரம்பித்ததை அரைகுறையாக விடப் பிடிக்கவில்லை, அவ்வளவே. அலுவலகத்திலும் வீட்டிலும் நான் பாதியில் விட்ட காரியங்கள் ஏராளம். அவற்றுக்கெல்லாம் பிறரைக் கைகாட்ட முடிந்தது. இங்கே கைகாட்ட ஆள் இல்லை.

மற்றவர்களின் மிச்சம் வேறாக இருக்கலாம். ஃபௌஜா சிங்கின் கதை தெரிந்ததே: மகனைக் கண்ணெதிரே பறிகொடுத்த துக்கத்தில் கிடந்தவர், எண்பதைத் தாண்டிய வயதில் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டார். 2000-இல் லண்டன் மாரத்தானில் ஓடினார். 2011-இல் நூறு வயது என்று சொல்லி டொராண்டோவில் முழு மாரத்தானை முடித்தார். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நம் மா. சுப்பிரமணியன் இன்னொரு வகை. சாலை விபத்தில் காலில் பலத்த அடிபட்டவர், சர்க்கரையும் உண்டு. ஐம்பதைக் கடந்த பிறகு ஓட ஆரம்பித்து நூறுக்கும் மேல் அரை மாரத்தான்கள் ஓடியிருக்கிறார். 2021-இல் தமிழ்நாட்டின் சுகாதார அமைச்சரானார். அரசியல்வாதிக்கு எங்கும் கூட்டம் இருக்கும், கை தட்டலும் இருக்கும். ஆனால் ஐம்பதாவது ஓட்டத்துக்கும் அறுபதாவது ஓட்டத்துக்கும் இடையில் எந்தக் கூட்டமும் ஒருவரை விடியற்காலையில் எழுப்பிவிட முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

மலேசியாவில் ஓட்டத்தைப் பற்றிப் பேசினால் மணி ஜெகதீசனைச் சொல்லாமல் விடக்கூடாது. மருத்துவம் படித்தபடியே ஓடியவர்; 'பறக்கும் டாக்டர்' என்றார்கள். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் தங்கம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 நொடியில் ஓடினார். அந்த மலேசியச் சாதனை 2017 வரை, 49 ஆண்டுகள் அப்படியே நின்றது. ஒலிம்பிக்கில் அமெச்சூர்களுக்கு மட்டுமே இடம் என்று விதி இருந்த காலம். ஓடிச் சம்பாதிக்க முடியாது; அதனால் ஓடிவிட்டு வேலைக்குப் போனார்கள். எங்களைப் போன்ற மெதுவான ஜாதிக்கும் அவருக்கும் இருக்கிற ஒரே உறவு இதுதான், அதுவும் தூரத்து உறவு.

விடிகிற நேரத்தில் ஓட்டத்தை முடித்தேன். எத்தனை நிமிடம் என்பது வாசகருக்கு வேண்டாம். ரசீதையும் வாங்கிக்கொண்டேன். பசியாற இரண்டு ரொட்டி சானாய் போதவில்லை, மூன்றாவதும் சொன்னேன்.

மறுநாள் காலையில் கால் வலியோடு பினாங்கு மலை ஏறினேன். 1923 முதல் மலைக்கு ரயில் இருக்கிறது. ஆனால் உள்ளூர்க்காரர்களில் பலர் தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து மேலே போகிற ஜீப் பாதையில் நடக்கிறார்கள். ஐந்து கிலோமீட்டர் தார்ச்சாலை, சில இடங்களில் மூக்கு தரையில் இடிக்கிற செங்குத்து. பாதி வழியில் எல்லோரும் 'எண்பத்து நாலு' என்று சொல்கிற ஓய்விடம். மலையேறும் தொண்டர்களே அங்கே தேநீரும் காப்பியும் போட்டு வைக்கிறார்கள். என்னைத் தாண்டிப் போன ஒரு தமிழம்மா அங்கே உட்கார்ந்திருந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். பஞ்சாபி சூட்டுக்குக் கீழே நல்ல விலையுள்ள ஓட்டக் காலணி.

"தினமும் வருவீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"வராத அன்னிக்கு வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடும்ப்பா. காலையிலேர்ந்து எரிஞ்சு எரிஞ்சு விழுவேன். இப்ப அவங்களே என்னை விரட்டி விட்டுடறாங்க."

ஓடுவதற்கும் நடப்பதற்கும் நான் கேட்ட காரணங்களில் இதைத்தான் முழுதாக நம்புகிறேன்.

பினாங்குப் பாலத்தில் ஓட நினைப்பவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. நல்ல நேரம் எடுக்க அது தோதான இடமில்லை. ஈரக்காற்று மூச்சை வாங்கும், நடு ஏற்றம் போகும்போதும் ஒரு தரம், திரும்பும்போதும் ஒரு தரம் வரும். நேரம் வேண்டுமென்றால் ஜனவரியில் சென்னையிலேயே ஓடிக்கொள்ளுங்கள், செலவும் மிச்சம். பினாங்குக்கு வருவதென்றால் கடிகாரத்தை விடுதி அறையில் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.