இருவருக்கு மாத்திரம் இடம்

ஐம்பது வயதைக் கடந்த குடும்பஸ்தர் ஒருவர், இருவர் மாத்திரம் அமரக்கூடிய மோட்டார்க் கார் ஒன்றை வாங்கப் போவதாக வீட்டிலே அறிவித்தால் என்ன நிகழும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். எமது வீட்டிலும் அதுவே நிகழ்ந்தது. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இங்கிலாந்தின் ரெடிங் நகரிலே நாம் குடியிருந்த வீட்டின் குசினியில், தேநீர்க் கோப்பையும் கையுமாக நின்று அந்தப் பிரகடனத்தைச் செய்தோம்.

“இஞ்சாருங்கோ, பிள்ளை லீவிலை வந்தால் அவனை எங்கை ஏத்திறது? பின்னாலை கயித்திலை கட்டி இழுக்கிறதோ?” என்றார் மனைவியார்.

வீட்டுத் தேவைக்கு ஐவர் செல்லக்கூடிய கார் ஒன்று ஏற்கெனவே இருந்தது. மகனோ பல்கலைக் கழகத்துக்குப் போய்விட்டான். ஆகவே அந்த வினாவுக்கு எப்படியேனும் விடை சொல்லியிருக்கலாம். விடை சொல்ல இயலாத வினா வேறொன்று இருந்தது. நாம் மனத்திலே கணக்குப் பார்த்து வைத்திருந்த 2,500 பவுண், அந்தக் குசினியின் அலுமாரிகளைப் புதுப்பிக்கவென்று அவர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். அலுமாரிக் கதவொன்று அப்பொழுதே ஒற்றைப் பிணைச்சலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தக் கதவை ஒரு முறை பார்த்தார், அவ்வளவே.

எமக்குத் துணையாக வாய் திறந்தவர் எமது தந்தையார் ஒருவரே. மானிப்பாயிலிருந்து ஆறு மாத விசாவில் வந்து எம்முடன் தங்கியிருந்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர், வயது 81. பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “ஸ்பிரைற்றோ?” என்று கேட்டார்.

அந்த ஒரு சொல்லின் பின்னாலே ஐம்பத்தேழு வருடத்துக் கதை உண்டு. 1961ஆம் ஆண்டில் தந்தையார் கொழும்பிலே இளம் எழுதுவினைஞர். மாலை வேளைகளிற் காலிமுகத் திடலுக்கு நடந்து போவாராம். அங்கே கடலைப் பார்த்தபடி ஒரு சிறிய திறந்த கார் அடிக்கடி நிற்கும். முன் மூடியின் மேலே இரண்டு விளக்குகளும் தவளையின் கண்களைப் போலத் துருத்திக்கொண்டிருக்கும். 1958இல் வெளிவந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிரைற் என்பது அது. கதவுக்கு வெளியே கைபிடி கிடையாது. பின்புறத்திலே பெட்டிகள் வைப்பதற்குத் தனி மூடியும் கிடையாது. செலவைக் குறைப்பதற்காக எவற்றையெல்லாம் விட்டுவிட முடியுமோ, அவற்றையெல்லாம் விட்டுவிட்டார்கள். சம்பளக்காரன் ஒருவனும் ஆசைப்படக்கூடிய விலையில் ஓர் ஓட்டக் கார் கிடைக்கவேண்டும் என்பதே நோக்கம்.

இதிலே நாம் வியந்த விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காரின் உள்ளே இருந்தவற்றிற் பெரும்பாலானவை சாதாரணக் குடும்பக் கார்களின் உறுப்புக்களே. 948 கன சென்ரிமீற்றர் கொண்ட அதன் எஞ்சின், அக்காலத்து மொறிஸ் மைனர் 1000 காரிலே இருந்த அதே இனத்தது. ஸ்டியரிங் அமைப்பும் மொறிஸ் மைனருடையதே. வீட்டிலே சோறு சமைக்கும் அரிசியைக் கொண்டே பொங்கலும் பொங்கியதற்கு ஒப்பானது இது.

தந்தையார் ஸ்பிரைற் வாங்கவில்லை. வாங்குவதற்கு வழியும் இருக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் இலங்கையிலே கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. தங்கைமார் இருவருக்குச் சீதனம் தேடிய பின்னர், 1972இல் அவர் வாங்கியது பழைய மொறிஸ் மைனர் ஒன்று. “எஞ்சின் அதுதானே” என்று தம்மையே தேற்றிக்கொண்டாராம்.

அந்த மொறிஸ் மைனரை நாமும் அறிவோம். 1990ஆம் ஆண்டு ஜூனில் மீண்டும் யுத்தம் மூண்டதும் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. மண்ணெண்ணெயிலே கார்களை ஓட்டும் வித்தையைக் குடாநாடு முழுவதும் கற்றுக்கொண்டது. குளிர்ந்திருக்கும் எஞ்சினிலே மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காபரேற்றரிலே விட்டு எஞ்சினை எழுப்ப வேண்டும். அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெயை ஏற்றுக்கொள்ளும். மருந்துப் போத்தலிலே பொன்னைப் போலப் பாதுகாத்த பெற்றோலைத் துளித் துளியாக விடுவது எமது வேலை. சாவியைத் திருப்புவது தந்தையாரின் வேலை. ஒரு துளி கூடினாலும், “தம்பி, கை நடுங்குதோ?” என்று உள்ளேயிருந்து குரல் வரும். 1992இல் நாம் நாட்டை விட்டு வந்துவிட்டோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் எல்லாரும் ஒரே இரவிலே வெளியேறியபோது, எமது பாட்டியாரை அந்தக் காரில் ஏற்றிக்கொண்டு, சனத்திரளோடு நடை வேகத்திலே சாவகச்சேரி வரை போய்ச் சேர்ந்ததாகப் பின்னர் தந்தையார் எழுதியிருந்தார். மறு வருடம் ஊர் திரும்பியதும், கூரை போடுவதற்காகக் காரை விற்றாராம். கடிதத்திலே அது ஒரு வரிதான்.

இந்நிலையிலே, மேசையில் விரித்த பத்திரிகைக்கு மேலாக ஒரு கிழவரும் அவர் மகனும் பார்த்துக்கொண்ட பார்வையை மனைவியார் கவனித்துவிட்டார். “ரண்டுபேரும் என்னவெண்டாலும் செய்யுங்கோ” என்று எழுந்து போனார். அனுமதி என்று அதை நாம் வியாக்கியானம் செய்துகொண்டோம்.

ஸ்பிரைற்றின் விலை இப்பொழுது எமக்கு எட்டாதது. பழைய பொருள் என்ற நிலையிலிருந்து அரும்பொருள் என்ற நிலைக்கு அது போய்விட்டது. எம்.ஜி. மிட்ஜெற் 1979இலும், ட்றையம்ப் ஸ்பிற்பயர் 1980இலும் உற்பத்தி நின்று போயின. இங்கிலாந்தார் கைவிட்ட அந்த இடத்தை யப்பானியர் எடுத்துக்கொண்டார்கள். மஸ்டா எம்.எக்ஸ்-5 என்னும் கார் 1989 பெப்ரவரியில் சிக்காகோக் கண்காட்சியிலே முதன்முதல் காட்டப்பட்டது. ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த பாரம். முன்னே எஞ்சின், பின்சில்லுகளுக்கு உந்துவிசை, மேலே மடித்துவிடக்கூடிய துணிக்கூரை. மழை ஒழுகாத ஸ்பிரைற் என்று சொன்னாற் பொருந்தும். 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது கார் வெளிவந்தது. இத்தனை கார்கள் இருந்தால் பழையவை மலிவாகக் கிடைப்பது இயல்பே. 2001ஆம் ஆண்டளவிற் செய்த ஒன்றை 2018இல் இரண்டாயிரம் பவுணுக்கும் குறைவாக வாங்க முடிந்தது. எமது நாட்டிலோ, 2020இல் இறக்குமதி நின்று 2025 தொடக்கத்தில் மீண்டும் திறக்கும் வரை, பழைய கார்கள் வாங்கிய விலைக்கு மேலாக விலைபோனதை வாசகர்கள் அறிவார்கள்.

முதலிற் பார்த்த கார் பிறிஸ்ரல் நகரிலே இருந்தது. போகும்போது ரயில், திரும்பும்போது கார், இருவருக்கு இடம் போதும் என்று தந்தையாரையும் அழைத்துக்கொண்டு போனோம். 1,900 பவுண் பணமும் மடியிலே இருந்தது. கார் செக்கச் செவேலென்று வெயிலிலே பளபளத்தது. நாம் போய் நின்றபொழுதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. “உங்களுக்காக முன்பே சூடாக்கி வைத்தேன்” என்றார் விற்பவர். அவரது உபசாரம் எமக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. ஏறி அமர்ந்தோம். கூரையை மடித்தோம். தெருவைச் சுற்றி ஒரு வலம் வந்தோம். அப்பொழுதே அந்தக் கார் எம்முடையதாகிவிட்டது. பணம் கைமாறுவது ஒரு சடங்கு மாத்திரமே என்று எண்ணினோம்.

திரும்பி வந்து நிறுத்தியபொழுது தந்தையார் வேட்டி கட்டியவரைப் போலக் காற்சட்டையைச் சற்று உயர்த்திக்கொண்டு, காரின் பக்கத்திலே குந்தியிருந்தார். கையிலே ஒரு நாணயம். கதவுக்குக் கீழே, பின்சில்லுக்கு முன்னதாக ஓடும் அடிச்சட்டத்தை அதனாலே தட்டிக்கொண்டு வந்தார். சந்தையிலே மண்பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பாரே, அதே தட்டு. முன்பக்கத்திலே கணீரென்ற சத்தம். பின்சில்லை அணுகியதும் பூசணிக்காயைத் தட்டினாற் போன்ற சத்தம். அப்படியே காரின் அடியிலே விரலை விட்டுத் தடவி எடுத்தார். விரல் நுனியிலே கரிய பூச்சு, இன்னும் காயாமல் ஒட்டியது.

“தம்பி, காசை மடியிலை வை” என்றார்.

விற்பவருக்கு மொழி விளங்கவில்லை, பொருள் விளங்கிவிட்டது. அவர் முகம் மாறியதைக் கண்ட பின்னரும் எமக்குக் கோபம் தந்தையார்மீதே வந்தது. ரயிலிலே ஒரு மணி நேரத்துக்கு மேலாக அவருடன் நாம் பேசவில்லை. அவர் யன்னலுக்கு வெளியே மாடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்றிரவு, முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தோம். பிரித்தானியாவிலே மூன்று வயதைத் தாண்டிய கார்களிற் பெரும்பாலானவை வருடந்தோறும் எம்.ஓ.ரி. என்னும் பரிசோதனைக்குட்பட வேண்டும். பதிவிலக்கத்தைக் கொடுத்தால் அதன் பெறுபேறுகளை யாரும் கணினியிலே இலவசமாகப் பார்க்கலாம். அந்தச் செவ்வண்ண அழகிக்கு இரண்டு வருடங்களாகவே ‘இருபுற அடிச்சட்டங்களிலும் துரு’ என்று பரிசோதகர் எழுதி வைத்திருந்தார். நாணயம் சொன்னதும் அதுவே. மடித்த கூரையின் இரு மூலைகளிலும், இருக்கைகளுக்குப் பின்னே, மழைநீர் வடிவதற்குச் சிறு துவாரங்கள் உண்டு. இலைகுழைகள் விழுந்து அவை அடைபட்டால் நீர் அடிச்சட்டத்தினுள் இறங்கித் தேங்கும். இரும்பு உள்ளிருந்து வெளியே உக்கும். கண்ணுக்குத் தெரியும்போது காரியம் முடிந்துவிடும். அதை வெட்டிப் புதுத் தகடு வைத்து ஒட்டுவதற்கு, காரின் விலையிற் பாதிக்கு மேலும் ஆகக்கூடும். விபத்து நேர்ந்தாற் பக்கவாட்டிலே எம்மைக் காக்க வேண்டிய சட்டமும் அதுதான். சூடாக்கி வைத்த எஞ்சினின் இரகசியமும் அப்பொழுதுதான் உறைத்தது. குளிர்ந்த எஞ்சின் எழும்பும்போது போடும் சத்தமே வாங்குபவருக்கு உண்மை சொல்லும் சத்தம். அதைக் கேட்க விடாமற் செய்துவிட்டார் மனிதர்.

மறுநாட் காலையிலே தந்தையாருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தோம். மன்னிப்பு என்ற சொல் எமது குடும்பத்தில் வழக்கமில்லை. சீனி ஒரு கரண்டி கூடப் போட்டிருந்தோம்.

இரண்டாவது கார், ஏபிங்டன் என்ற சிறு நகருக்கு அண்மையிலுள்ள கிராமம் ஒன்றிலே கிடைத்தது. ஸ்பிரைற்றுக்களைச் செய்த தொழிற்சாலை அந்த ஏபிங்டனிலேதான் இருந்தது, 1980இல் மூடப்பட்டது. உரியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. கடும்பச்சை நிறம், பொலிவு மங்கியது. கூரையிலே கையால் தைத்த ஒட்டு ஒன்று. நாம் தொலைபேசியிலே கேட்டபடி எஞ்சினைக் குளிரவே விட்டிருந்தார். சாவியைத் திருப்பியதும் தையல் இயந்திரம் போல டிக் டிக் என்று சில நொடி சத்தமிட்டுப் பின்னர் அடங்கியது. இருக்கைக்குப் பின்னாலே கம்பளத்தை அழுத்திப் பார்த்தோம்; ஈரமில்லை. பதினேழு வருடப் பற்றுச்சீட்டுக்களை ஆசிரியை ஒரு கோவையிலே திகதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார். அந்தக் கோவையைப் பார்த்ததுமே ஓய்வுபெற்ற தபாலதிபரின் முகம் மலர்ந்துவிட்டது. நாணயத்தை எடுத்தார், சுற்றி வந்தார், மீண்டும் பைக்குள் வைத்தார்.

கேட்ட விலை 1,800 பவுண். கார் 58,000 மைல் ஓடியிருந்தது; 60,000 மைலிலே எஞ்சினின் உள்வார் மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லி 1,650க்கு முடித்தோம். மீதியில் ஒரு பகுதியைக் காப்புறுதி விழுங்கியது. மகனின் பெயரையும் சேர்க்கலாமா என்று விசாரித்தபோது, பத்தொன்பது வயதினனுக்குக் காரின் விலையைவிடக் கூடுதலான தொகையைச் சொன்னார்கள். அந்தப் பேச்சு அத்துடன் நின்றது.

திரும்பும் வழியிலே தந்தையார் ஒரு சுற்றுப் பாதை கேட்டார். ஒக்ஸ்போட் நகரின் ஓரத்திலே கௌலி என்ற இடம். அவருடைய மொறிஸ் மைனர் பிறந்த தொழிற்சாலை அங்கேதான். இப்பொழுது அங்கே மினி கார்கள் செய்கிறார்கள். கூரையை மடித்தபடியே மதிலோரமாக மெதுவாகப் போனோம். அவர் ஒன்றும் பேசவில்லை. மதில் முடிந்ததும், “சரி, விடு” என்றார்.

அந்தக் கோடையிலே ஞாயிறுதோறும் வலப்புறத்து ஆசனம் எம்முடையது. இடப்புறத்து ஆசனம் தந்தையாருடையது. ஏறுவதற்கு அவருக்கு ஐந்து நிமிடம், இறங்குவதற்குப் பத்து நிமிடம். இறங்கும்போது மனைவியார் வந்து இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்குவார். அவருக்குரிய ஆசனத்தை மாமனாருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வாசலிலே நின்று வழியனுப்பிய அந்த ஞாயிறுகளைப் பற்றி நாம் அப்பொழுது யோசிக்கவேயில்லை. நவம்பரிலே தந்தையார் ஊர் திரும்பினார். அதன் பின்னர் தொலைபேசியிலே பேசும்போது பேரனை விசாரிப்பதற்கு முன்பாகவே, “உந்தத் துவாரங்களைத் துப்புரவாக்கினனியோ?” என்றுதான் கேட்பார்.

2021இல் அவர் காலமானார். விமானங்கள் ஒழுங்காக ஓடாத காலம், எம்மாற் போகமுடியவில்லை. காரை விற்றுவிடலாமா என்று மனைவியாரிடம் கேட்டோம். அவர் மறுமொழி சொல்லவில்லை. ஒக்டோபரில் ஒரு நாட் காலை, மரங்கள் இலையுதிர்த்துக்கொண்டிருந்த வேளையிலே, வெளியே போய்ப் பார்த்தோம். காரின் கூரையைப் பாதி மடித்துவிட்டு, வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்ரிக் குழாய் ஒன்றை மூலைத் துவாரத்திலே மெள்ள மெள்ள விட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

“மாமா சொன்னவர் எல்லே” என்றார். “மற்றப் பக்கத்தை நீங்கள் செய்யுங்கோ.”

குசினி அலுமாரிக் கதவு அந்த வருடம் நத்தார் விடுமுறையிலே எம் கையாலேயே பூட்டப்பட்டது. சற்றுச் சரிவாகத்தான் நிற்கிறது.