திருவொற்றியூர்ல எத்தனை எழுத்து?

பொட்டி தட்டுற மக்களுக்கு ஒரு கேள்வி. ஆபீஸ்ல ஜாவாவுக்கு யூனிட் டெஸ்ட் எழுதலேன்னா லீடு முறைக்கிறார். ஆனா ராத்திரி தனியா ஓடுற ஷெல் ஸ்கிரிப்டுக்கு யாராவது டெஸ்ட் எழுதிப் பார்த்திருக்கீங்களா? 'பத்து வரிதானே பாஸ், அதுக்கெல்லாமா?' என்பார்கள். 2015 ஜனவரியில் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் ஸ்கிரிப்டில் ஒரு மாறி காலியாப் போக, அழிக்கும் கட்டளை நேரா வேர் டைரக்டரியிலிருந்து ஆரம்பிச்சு, பயனருடைய கோப்புகளை எல்லாம் துடைச்சுது. அதுவும் ஒத்தை வரிதான் சாமி!

நம்ம பேட்டை கதைக்கு வர்றேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெயும் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது நினைவிருக்கும். வலை, படகு எல்லாம் கருப்பு. பசங்க சேர்ந்து, உதவி தேவைப்படும் குடும்பங்களை ஊர்வாரியா எழுதினாங்க. ஆளுக்கொரு கணினி, ஆளுக்கொரு தட்டச்சு முறை. அதை ஊர் ஊரா பிரிச்சுக் கொடுக்கிற வேலை எனக்கு. கிரெப் போட்டா முடிஞ்சுது இல்லையா?

பழக்கதோஷத்துல ஒரு டெஸ்ட் சேர்த்தேன்: ஊர்வாரி எண்ணிக்கையைக் கூட்டினா மொத்த வரி எண்ணிக்கை வரணும். வரலை. ஒன்பது குறைஞ்சுது. கிரெப் ஒரு வார்த்தை முனகலை. ஒரு வரி கிடைச்சாலும் அதுக்கு வெற்றிதான், பூஜ்யம்னு திருப்பிக் கொடுத்துடும். விட்டுப்போன வரியைப் பத்தி அதுக்கென்ன கவலை?

விட்டுப்போன ஒன்பதும் திருவொற்றியூர். திரையில பார்த்தா எழுத்துப்பிழை கிடையாது. பைட் பைட்டா பிரிச்சுப் பார்த்தப்பதான் குட்டு வெளிப்பட்டுது. டபிள்யூசி கட்டளை சொல்ற கணக்கு இது:

எண்ணூர் - நமக்கு 4 எழுத்து, யூனிகோடுக்கு 7 குறி, 21 பைட்.
ராயபுரம் - 5 எழுத்து, 8 குறி, 24 பைட்.
திருவொற்றியூர் - 7 எழுத்து, 14 குறி, 42 பைட். சில சமயம் 15 குறி, 45 பைட்!

வில்லன் 'வொ'. ஒகரக் குறியை ஒரே குறியாவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என ரெண்டு குறியாவும் எழுதலாம். யூனிகோடு விதிப்படி ரெண்டும் சமம். கண்ணுக்கும் சமம். பைட்டைப் பார்க்கிற கிரெப்புக்கு மட்டும் வேற வேற ஊர். அந்தக்கால எழுத்துருக்களை ஒருங்குறிக்கு மாத்தி மண்டை காய்ஞ்சவங்களுக்கு இந்தக் கொம்பைப் பத்தி நான் சொல்லணுமா என்ன :-)

தீர்வு சின்னது. எல்லாத்துக்கும் முன்னாடி யூகான்வ் கட்டளையில் என்எஃப்சி வடிவத்துக்கு மாத்திட்டா, பிரிஞ்ச குறிகள் ஒண்ணு சேர்ந்துடும்.

மொத்தத்தைச் சரிபார்த்தது யூனிட் டெஸ்ட் கணக்குல வராது. அதனால பேட்ஸ்ல தனியா மூணு எழுதினேன். பேட்ஸ் என்பது சாம் ஸ்டீபன்சன் பாஷ் ஷெல்லுக்காக எழுதின டெஸ்ட் கருவி. 2017லிருந்து பேட்ஸ்-கோர் என்ற பெயரில் வளருது. கட்டளையை 'ரன்' போட்டு ஓட்டினா, அது திருப்பிய எண்ணையும் அச்சிட்டதையும் ரெண்டு மாறியில பிடிச்சு வச்சுக்கும். நாம ஒப்பிட்டுப் பார்த்தா போதும்.

முதல் டெஸ்ட்: ரெண்டு விதமான திருவொற்றியூரும் கொடுத்தா விடை 2.
ரெண்டாவது: காலிக் கோப்பு கொடுத்தா பிழைன்னு சொல்லணும். பைப்புல கடைசிக் கட்டளை தேறினா முழுசும் தேறினதா ஷெல் நினைச்சுக்கும். பைப்ஃபெயில் போட்டாதான் நடுவுல விழுந்தது தெரியும்.
மூணாவது: மொழி அமைப்பே இல்லாம ஓட்டணும். கிரான்ல ஓடறப்ப பல சமயம் அப்படித்தான். அப்போ டபிள்யூசி குறிகளை விட்டுட்டு பைட்டை எண்ணும். எண்ணூர் 7லிருந்து 21 ஆயிடும்.

பட்டியலை வாங்கின பெரியவர்கிட்ட, 'ஒன்பது பேர் விட்டுப்போக இருந்துச்சுங்க, சேர்த்தாச்சு'ன்னேன். கொம்பு, பைட் எல்லாம் அவருக்கு எதுக்கு? 'ஒம்பது பேர் இல்ல தம்பி, ஒம்பது அடுப்பு'ன்னார்.

உங்க ஸ்கிரிப்ட்ல தமிழ் ஓடுதா? சும்மாவாவது 'வொ' இருக்கிற ஒரு பேரை ரெண்டு விதமா கொடுத்துப் பாருங்க. பேர்ல கொம்பும் காலும் இருக்கிறவங்கதான் முதல்ல காணாமப் போவாங்க.

டிஸ்கி: சொற்குற்றம், பொருட்குற்றம் எது இருந்தாலும் தாராளமா குட்டலாம். டெஸ்ட் கேஸோட குட்டினா இன்னும் சந்தோஷம்.