இரண்டு குறிக்காக ஒரு சண்டை

ஒரு முக்காற்புள்ளி, பக்கத்தில் ஒரு சமக்குறி :=. இவ்வளவுதான் சண்டைக்குக் காரணம் என்றால் நம்ப முடிகிறதா?

பைத்தான் என்ற கணினி மொழியில், ஒரு மதிப்பைக் கணக்கிடும் இடத்திலேயே அதற்குப் பெயரும் வைத்துக்கொள்ள இந்தக் குறி வேண்டும் என்றது 'பெப் 572' என்ற முன்மொழிவு. ஒரு வரி மிச்சம் என்றது ஒரு தரப்பு. படிக்கவே கஷ்டம், புதிதாகக் கற்பவர்கள் குழம்பிப் போவார்கள் என்றது இன்னொரு தரப்பு. மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம் அதை ஏற்றுக்கொண்டார். கையோடு, 2018 ஜூலையில், தலைமைப் பொறுப்பிலிருந்தே விலகிவிட்டார்! ஒரு முன்மொழிவுக்காக இத்தனை மல்லுக்கட்டி, இத்தனை பேரின் வெறுப்பையும் சம்பாதிக்க இனி தெம்பில்லை என்பதுதான் விஷயம்.

2019ல் தேர்தல் நடத்தி ஐந்து பேர் குழுவை அமர்த்தினார்கள். அதே வருடம் 3.8 பதிப்பில் அந்தக் குறியும் வந்துவிட்டது. சாய்த்துப் பார்த்தால் கண்ணும் தந்தமுமாகத் தெரிவதால் செல்லப் பெயர் 'வால்ரஸ்'.

இதில் உருப்படியான சங்கதி ஒன்று உண்டு. வேண்டாம் என்று ஒதுக்கிய மாற்று யோசனைகளும், ஏன் ஒதுக்கினார்கள் என்பதும் அந்த முன்மொழிவுக்குள்ளேயே பதிவாகியிருக்கின்றன. இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் இதே சண்டையை முதலிலிருந்து ஆரம்பிப்பார். அப்போது விலக இன்னொரு கைடோவுக்கு எங்கே போவது?